களியக்காவிளையில் கிருதா வெட்ட ஒரு கடை

களியக்காவிளை சந்தைக்குப் பின்புறச் சந்தில், பெயர்ப் பலகையில் எழுத்து அழிந்துபோன ஒரு சலூன் இருக்கிறது. நாற்காலி இரண்டு, உட்காரத் தகுந்தது ஒன்று. முடிவெட்ட 120 ரூபாய், சவரத்துக்கு 60. கேரள எல்லை தாண்டினால் பாறசாலையில் ஏசி போட்டு வெட்டுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் நான்கு ஆண்டுகளாக இங்கேதான் தலையைக் கொடுக்கிறேன்.

காரணம் கிருதா. கடைக்கார அண்ணன் விரல் வைத்து அளக்கமாட்டார். கண்ணாடியில் என் முகத்தை ஒருமுறை பார்ப்பார், சுவரில் இருக்கும் படத்தை ஒருமுறை பார்ப்பார், பிறகு ஒரே இழுப்பு. இரண்டு பக்கமும் நூல் பிடித்ததுபோல் இருக்கும். படத்தில் இருப்பவர் எல்விஸ் பிரெஸ்லி. பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா. இருவருக்கும் பொதுவாக ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு.

நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரன், பாடகர் குழுவில் பேஸ் என்னும் அடிக்குரல் பாடுகிறவன். படத்துக்கு விளக்குப் போடுவதே எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதிலும் இடுப்பை ஆட்டிப் பாடிய அமெரிக்கருக்கா? முதல் நாளே கேட்டுவிட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. குவைத்திலிருந்து மைத்துனர் கொண்டுவந்த கேசட் ஒன்றை எடுத்துப் போட்டார். வந்தது ஆட்டப்பாட்டு அல்ல, ஞானப்பாட்டு. எல்விஸின் குரல் மேலே ஏற ஏற, அடியில் ஒரு பேஸ் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இறங்கிக்கொண்டே போனது. கன்னத்தில் நுரை காயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவரும் கத்தியைத் தொடவில்லை. பாட்டு முடிந்த பிறகு மறுபடி நுரை போட்டார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்தக் கிணற்றுக் குரல் ஜே.டி. சம்னருடையது. 1971 முதல் அவருடைய ஞானப்பாட்டுக் குழுதான் எல்விஸின் மேடைகளில் பின்பாட்டுப் பாடியது. எல்விஸ் 1935-இல் மிசிசிப்பி மாநிலத்து டுபெலோவில் பிறந்து, பெந்தெகொஸ்தே சபையில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர். போட்டியில் வென்ற கிராமி இசை விருதுகள் மூன்றே மூன்று. மூன்றும் பக்திப் பாடல்களுக்கு. ஊரே ஆடிய ராக் அண்ட் ரோலுக்கு ஒன்றுகூட இல்லை.

1977 ஆகஸ்ட் 16 அன்று, 42 வயதில் இறந்தார். மெம்பிஸ் நகரில் அவர் வாழ்ந்த கிரேஸ்லேண்டு வீட்டிலேயே கல்லறை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 இரவு ரசிகர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி, வரிசையாக அங்கே ஏறிப் போகிறார்கள். நம் பக்கம் அன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அண்ணன் கத்தோலிக்கர், கோயிலுக்குப் போய் வந்து, மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி, எல்விஸுக்கு ஒன்று ஏற்றுகிறார். “இரண்டுக்கும் ஒரே தீக்குச்சி போதும், மக்களே” என்றார்.

எங்கள் போதகரிடம் இதை நான் சொல்லவில்லை. போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் பேஸ் நன்றாக இருந்தது என்று அவர் பாராட்டியபோதும் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. துண்டு எப்போதும் ஈரம். கேசட் நாடா சிக்கினால், பென்சிலைச் செருகிச் சுற்றி முடிக்கும்வரை பாதி மழித்த கன்னத்தோடு காத்திருக்க வேண்டும். என் மகன் இந்தக் காலத்து வெட்டு ஒன்றைச் செல்பேசியில் காட்டினான். அண்ணன் தலையாட்டிவிட்டு, முன்முடியை எல்விஸ்போல் தூக்கிவிட்டு அனுப்பினார். பையன் இரண்டு நாள் தொப்பியைக் கழற்றவில்லை. பிளேடு மட்டும் ஆளுக்கொன்று, நம் கண்ணெதிரே உறை பிரிப்பார். கடைசியில் படிகாரக் கல்.

செவ்வாய் விடுமுறை. ஆகஸ்ட் 15 மாலை கடை திறந்திருக்கும், ஆனால் வெட்டமாட்டார். போனால் அந்த நல்ல நாற்காலியில் சும்மா உட்கார்ந்து கேட்கலாம்.