ராஜகிரியா, கிருஷ்ணகிரியா: செஞ்சியில் எந்த மலையில் ஏறுவது?

சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மலையேற்றம் என்ற பேச்சு எழுந்தால் எங்கள் நடைக்குழுவில் செஞ்சியின் பெயர் தவறாமல் வரும். வந்த மாத்திரத்தில் ராஜகிரியா, கிருஷ்ணகிரியா என்ற வழக்கும் தொடங்கிவிடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான் என்பதால், இதுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட இப்போது வழி கேட்கிறார்கள். இரண்டு மலைகளிலும் பலமுறை ஏறியவன் என்ற முறையில், "ஒன்றே ஒன்றுதான் என்றால் ராஜகிரி" என்று எல்லோரும் சொல்லும் பதிலை நான் அப்படியே ஏற்பதில்லை.

ராஜகிரியில் ஆனந்தக் கோனும், கிருஷ்ணகிரியில் 1240-ஆம் ஆண்டளவில் கிருஷ்ணக் கோனும் முதலில் அரண் எழுப்பியதாக மரபுச் செய்தி உண்டு. இன்று நாம் காணும் அமைப்பு, அதன்மேல் நாயக்கர்களும் பீஜப்பூர் சுல்தானின் ஆட்களும் 1677-இல் கோட்டையைப் பிடித்த சிவாஜியும் பின்னர் வந்தவர்களும் கட்டிச் சேர்த்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் சுமார் 13 கிலோமீட்டர் நீள மதில் ஒரே முக்கோணமாகப் பிணைக்கிறது. திண்டிவனம் – திருவண்ணாமலை சாலை இந்த முக்கோணத்தின் உள்ளேயே ஓடுவதால், பேருந்தில் இருப்பவர் இருக்கையைவிட்டு எழாமலே ஒரு பக்கம் ராஜகிரியையும் மறுபக்கம் கிருஷ்ணகிரியையும் பார்த்துவிடலாம்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. பரங்கிமலையின் 300 அடியை மூச்சு வாங்காமல் ஏறிப் பழகிய நம்மூர்க்காரர்கள், அதைப்போல் இரண்டரை மடங்குதானே என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள். கணக்கில் பிழையில்லை, ஆனால் பரங்கிமலைப் படிகள் பக்தர்கள் ஏறுவதற்காக அமைக்கப்பட்டவை, ராஜகிரியின் வழியோ ஏறி வருபவனைக் களைப்படையச் செய்வதற்கென்றே அமைந்தது. படிகளின் உயரம் ஒரே சீராக இராது. பாதை பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஒரு மதில் நிற்கும். அதன் வாயிலுக்குள் நுழைந்த பிறகுதான் அடுத்த மதில் கண்ணில் படும். உச்சிக்குச் சற்று முன்னால், சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட இயற்கையான பிளவு ஒன்று வழியை அறுத்துக்கொண்டு போகிறது. அதன்மேல் போட்டிருக்கும் பாலத்தை அகற்றிவிட்டால் மறுபக்கத்தைக் காக்கப் பத்துப் பேர் போதும். 1690-இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்ததற்கும், அதற்குள் சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பிச் செல்ல முடிந்ததற்கும் அரசியல் காரணங்கள் பல இருக்கலாம் என்றாலும், அந்தப் பாலத்தின் நடுவே நின்று கீழே பார்ப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. இந்த ஓரிடத்துக்காகவே ராஜகிரியில் ஒருமுறையாவது ஏற வேண்டும் என்பேன். உச்சியில் ரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் மணிக்கூண்டும் பீரங்கியும் இருக்கின்றன. ஆயினும் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அவற்றைவிடத் தண்ணீர்ப் புட்டியைத்தான் ஆவலோடு பார்க்கிறார்கள்.

ராஜகிரி வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடிவாரக் கோட்டைக்குள் நுழைந்ததும் கல்யாண மகாலின் அடுக்குக் கோபுரமும் களஞ்சியங்களும் ஆனைக்குளமும் காலைக் கட்டிப்போட்டுவிடும். மகாலின் மேல்தளங்கள் வரை மண்குழாய்களில் தண்ணீர் ஏற்றிய ஏற்பாட்டைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. அதன் பிறகு மலையேறத் தொடங்குபவர், மேற்பகுதியின் வெற்றுப் பாறை நன்றாகக் காய்ந்திருக்கும் நேரத்தில் அங்கே போய் நிற்பார். ஆகவே அடிவாரக் கட்டடங்களை இறங்கி வந்த பிறகு பார்ப்பதே முறை. கீழே இருக்கும் வேங்கடரமணர் கோயிலையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பார்கள். அந்தத் தூண்களை அங்கே பார்த்தவர்களுக்கு இந்தக் கோயிலில் நிற்கும்போது அவை நினைவுக்கு வராமல் இருக்காது.

சாலைக்கு வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரியை ஊரார் ராணிக்கோட்டை என்கிறார்கள். உயரம் குறைவு, கற்படிகள் தெளிவாக இருக்கின்றன, வழி தவற இடமில்லை. எங்கள் குழுவில் அறுபதைக் கடந்தவர்களே இடையில் இரண்டுமுறை உட்கார்ந்தும் முக்கால் மணி நேரத்தில் ஏறிவிட்டார்கள். நிழல் குறைவு என்பது மட்டுமே இதன் குறை. ராஜகிரியின் ஏற்றம் போரை நினைவூட்டுமென்றால், இங்கே மேலே போனதும் குடியிருப்பின் சுவடுகளே எதிர்ப்படுகின்றன. களஞ்சியங்களும், எண்ணெயும் நெய்யும் சேமித்ததாகச் சொல்லப்படும் தொட்டியும், கோயில்களும், எல்லாவற்றுக்கும் மேலாக, இஸ்லாமியக் கட்டடக் கலையின் சாயல் கொண்ட குவிமாடத்தோடு கூடிய மண்டபமும் இருக்கின்றன. நாற்புறமும் திறந்திருப்பதால் உச்சிவெயிலிலும் அந்த மண்டபத்தில் காற்று ஓயாது. நான் அங்கே கட்டுச்சோற்றைப் பிரித்த ஒரே நாளில் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைக் குரங்குக்கு இழந்தேன் என்பதால், சாப்பாட்டைப் பையைவிட்டு வெளியே எடுக்காமலிருப்பது நல்லது. இந்த விஷயத்தில் இரண்டு மலைகளுக்கும் வேறுபாடு கிடையாது.

கிருஷ்ணகிரிக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவதற்கு முதற்காரணம் அந்த மண்டபத்திலிருந்து தெரியும் காட்சி. ராஜகிரியின் உச்சியில் நிற்பவருக்கு ஊரும் குளங்களும் வயல்களும் மதிலின் வளைவுகளும் தெரியும். தான் ஏறி நிற்கும் மலை தெரியாது. அடிவாரத்திலிருந்து பார்த்தாலோ அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் அதன் உருவம் குறுகிவிடும். எதிர்மலையின் உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் அந்தச் செங்குத்துப் பாறையும், அதன் தோளில் பற்றிப் படரும் மதில்களும், ஏறும் வழி இந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் சாத்தியப்பட்டது என்பதும் ஒருசேரப் புலப்படுகின்றன. ராஜகிரியில் மட்டும் ஏறிவிட்டுத் திரும்பியவர்கள் ராஜகிரியைப் பார்க்கவில்லை என்று நான் சொன்னபோது குழுவில் சிரித்தார்கள். பிறகு ராணிக்கோட்டையில் ஏறிய இருவர் இப்போது என் பக்கம்.

மூன்றாவதான சந்திரகிரியை இந்தப் போட்டியில் சேர்க்க வேண்டியதில்லை. அங்கே பராமரிக்கப்படும் பாதை கிடையாது. முட்புதரும் உருளும் கற்களும் தாண்டி ஏற வேண்டியிருப்பதால், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணையின்றிப் போவது வீண் துணிச்சல்.

எனவே எந்த மலை என்பதைக் காலின் வலிமையைவிடக் கடிகாரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சென்னையிலிருந்து செஞ்சி 150 கிலோமீட்டருக்கு மேல். கிளாம்பாக்கத்தில் விடியுமுன் திருவண்ணாமலைப் பேருந்தைப் பிடித்தவர்கள் வெயில் ஏறுவதற்குள் அடிவாரத்தில் இருக்கலாம். அவர்கள் நேரே ராஜகிரிக்குப் போய், நண்பகலுக்குள் இறங்கி, அடிவாரக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு, தெம்பிருந்தால் பிற்பகலில் ராணிக்கோட்டையில் ஏறலாம். எழும்பூரிலிருந்து ரயிலில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து 28 கிலோமீட்டர் பேருந்தில் வருபவர்களும், காரில் கிளம்பி வழியில் நிதானமாகக் காலை உணவை முடித்தவர்களும் பதினொரு மணிக்கு மேல்தான் வந்து சேருவார்கள். அந்த நேரத்தில் ராஜகிரியைத் தொடங்குவது பாதி வழியில் திரும்புவதற்கே உதவும். பிற்பகலில் தாமதமாகப் போனால் காவலர்கள் ஏறவே விடமாட்டார்கள். இப்படித் தாமதமாக வருபவர்களுக்குக் கிருஷ்ணகிரிதான் சரியான மலை. குழந்தைகளோடும் முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடும் வருபவர்களுக்கும் இதையே சொல்வேன். மழைக்காலத்தில் இரண்டிலுமே பாறை வழுக்கும், சித்திரை வைகாசியில் இரண்டையுமே தவிர்க்கலாம். மார்கழிக் கடைசியும் தையும் உகந்தவை.

வரும் தை மாதம் எங்கள் குழுவில் எட்டுப் பேர் ராஜகிரிக்குப் போவதாக முடிவாகியிருக்கிறது. நான் எதிர்மலை மண்டபத்தில் உட்கார்ந்து, அவர்கள் அந்தப் பாலத்தைக் கடப்பது தெரிகிறதா என்று தொலைநோக்கியில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.