பவுடர் கோட்டிங்குக்கு அடியில்: ரீஸ்டோர் செய்த புல்லட் 350-உடன் சில வருடங்கள்

என்னிடம் இருப்பது 1984 மாடல் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. காஸ்ட் அயர்ன் இன்ஜின், 346 சிசி, 6 வோல்ட், பாயிண்ட் செட் (பிளக்கில் பொறி விழ மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்), வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முழுதாக ரீஸ்டோர் செய்த நிலையில் சேலத்தில் வாங்கினேன். சேஸிஸ் முழுக்கக் கறுப்பு பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் தடித்த பூச்சு), டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடு, ரிம்மும் சைலன்சரும் புதுக் குரோம். நிறுத்தி வைத்துப் பார்த்தால் திருவொற்றியூர் ஃபேக்டரியிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்தது போல இருந்தது. ஓட்டும்போதுதான் பிரச்சினை தெரிந்தது.

இன்ஜின் சூடானால் மிஸ்ஸிங், அதாவது பொறி சரியாக விழாமல் திக்குவது. வேகம் குறையும்போது ஹேண்டில் ஆட்டம். இந்த இரண்டையும் தீர்க்க நிறைய அலைந்தேன். இப்போது வண்டி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தபிறகு உறுதியாகச் சொல்கிறேன்: நான் சந்தித்த கோளாறுகளில் பாதிக்கு மேல் வயதால் வந்ததில்லை, ரீஸ்டோர் வேலையோடு வந்தது. பெயின்ட் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் பெயின்ட் போயிருந்தது.

முதலில் மிஸ்ஸிங். காலையில் இரண்டாவது கிக்கில் ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங் அருமையாக நிற்கும். பதினைந்து இருபது கிலோமீட்டர் போனதும் திக்க ஆரம்பிக்கும், சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும், கடைசியில் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். போன பட்டறையில் எல்லாம் முதலில் கைவைத்தது கார்புரேட்டரில்தான். ஜெட்டை ஊதினார்கள், ஊசியைக் கிளிப்பில் ஏற்றி இறக்கினார்கள், மிக்சர் ஸ்குருவைத் திருகினார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

ராசிபுரத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், வாழ்நாள் முழுக்க புல்லட் மட்டுமே பார்த்தவர். வண்டியைச் சூடாகவே கொண்டுவரச் சொன்னார். "தம்பி, கார்புரேட்டர் இருக்கட்டுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டுங்க, லைட்டை அணைச்சுட்டு ஒரு கிக் போடுங்க" என்றார். ஷெட்டை இருட்டாக்கிவிட்டுப் போட்டேன். பாயிண்ட் திறக்கிற இடத்தில் தடித்த நீலவெள்ளைப் பொறி பளிச்சென்று தெறித்தது. பாயிண்டோடு சேர்ந்திருக்கும் கண்டென்சர் (பாயிண்ட் திறக்கும்போது மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் சின்ன உருளை) நன்றாக இருந்தால் அங்கே பொறி கண்ணுக்குத் தெரிவதே அரிது. "பாத்தீங்களாண்ணே, பிளக்குல விழ வேண்டியது இங்க விழுது" என்று கூட இருந்த பையன் அவருக்கு முன்னால் சொல்லிவிட்டான்.

கண்டென்சர் கெட்டால் பாயிண்ட் திறக்கும்போது மின்சாரம் சட்டென்று அறுபடாது. அங்கேயே பொறியாகத் தாவும். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருகிற காயிலில் உருவாகிற வோல்டேஜ் குறையும். புல்லட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டருக்குப் பின்னாலேயே நிற்கிறது, அந்தச் சூடு முழுவதும் கண்டென்சர் மேல்தான். இப்போது கடைகளில் வரும் புது கண்டென்சர்கள் பலவும் இந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. சுமார் 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள நல்ல கண்டென்சர் ஒன்றை டேங்குக்கு அடியில், காயில் பக்கத்தில் மாட்டி, ஒயரை மட்டும் பாயிண்டுக்கு இழுத்தார். அன்றிலிருந்து கண்டென்சர் தொல்லை கிடையாது. ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பவர்கள் பழையதைக் காட்சிக்கு உள்ளேயே விட்டுவிடலாம்.

அதே நாளில் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) வைத்தோம். பாயிண்ட் இடைவெளி 0.38 மில்லிமீட்டர். அட்வான்ஸ் (வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே விழவைக்கும் அமைப்பு) முழுதும் இறங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் மெல்லிய தாளில் ஒரு துண்டு கிழித்துப் பாயிண்டுக்கு நடுவே வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இன்ஜினை மெதுவாகச் சுற்றினார். தாள் விடுபடுகிற அந்தக் கணம்தான் திறக்கும் இடம். டேப்பட்டுக்கு (வால்வு இடைவெளி) கேஜ் தேவையில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்க, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான்.

சூட்டில் நிற்பது போனது. ஆனால் ராத்திரி ஹெட்லைட் போட்டால் லேசான திக்கல் இருந்தது. இதை நானே மல்டிமீட்டர் வைத்துப் பிடித்தேன். இக்னிஷனை ஆன் செய்து, பாயிண்ட் மூடிய நிலையில், பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜினுக்கும் நடுவே அளந்தேன். கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காட்டியது, லைட் போட்டால் இன்னும் ஏறியது. நல்ல எர்த்தில் அது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 12 வோல்ட் வண்டி இந்த இழப்பைச் சமாளித்து ஓடிவிடும். 6 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. எர்த் ஒயரைச் சேஸிஸில் பவுடர் கோட்டிங்குக்கு மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட் மரை வழியாகக் கொஞ்சம் போனதில்தான் வண்டி இத்தனை நாள் ஓடியிருக்கிறது. அந்த இடத்தைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வைத்து, கூடவே பேட்டரியிலிருந்து நேராக இன்ஜின் போல்டுக்கு ஒரு தடித்த ஒயர் கொடுத்தேன். ஹெட்லைட் வெளிச்சமே கூடிவிட்டது.

பெட்ரோல் பக்கத்தில் இரண்டு சின்ன விஷயங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை புது ரப்பர் வாஷரால் அடைபட்டிருந்தது. ஹைவேயில் வெகுநேரம் போனதும் பிக்கப் விழுந்தால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் கோளாறு அங்கேதான். அடுத்து, இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் டியூபை ஊறவைத்துவிடும், டேங்கில் ஈரமும் சேரும். எத்தனால் தாங்கும் டியூப் போட்டுவிட்டேன். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன்.

இனி ஹேண்டிலிங். நான் அதிகம் கவலைப்பட்டது இதற்குத்தான், உயிர் சம்பந்தப்பட்டது. ஐம்பதிலிருந்து ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் இறங்கும்போது ஹேண்டில் இடமும் வலமுமாக ஆடும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுகிற ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகப் பார்த்தது. பட்டறைகளில் சொன்னது கோன்செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்). மாற்றினார்கள். சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினால் ஹேண்டில் எங்கும் சிக்காமல் தானாக இரண்டு பக்கமும் சாய்கிறது, ஃபோர்க்கை முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமில்லை. அதாவது கோன்செட் சரி. வாப்ளிங், அதாவது அந்த ஹேண்டில் ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு நூல் கட்டிப் பார்த்தோம். இந்த வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே 3.25-19 டயர்தான். அதனால் பின்டயரைச் சுற்றி நூலைக் கட்டி இரண்டு பக்கமும் முன்னால் இழுத்தால் முன்டயரின் இரண்டு ஓரத்தையும் ஒரே மாதிரி தொட வேண்டும். வலது பக்கம் இடைவெளி விழுந்தது. இத்தனைக்கும் பின் ஆக்சிலை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்கும் நத்தை கேம் இரண்டும் ஒரே பல்லில்தான் இருந்தன. தேய்ந்த கேம் மேல் குரோம் பூசியிருந்தால் பல்லை எண்ணிப் பயனில்லை, நூல்தான் கணக்கு. சரிசெய்ததும் வண்டி நேராகப் போனது. ஆனால் சில வாரத்தில் ஆட்டம் திரும்பி வந்தது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இந்தச் சேஸிஸுக்கு அடிக்கட்டு கிடையாது. முன்னால் ஒற்றைக் குழாய் இன்ஜின் வரைக்கும் இறங்கி அங்கேயே முடிகிறது. அதற்குப் பின் ஸ்விங் ஆர்ம் வரைக்கும் கீழே சேஸிஸாக நிற்பது இன்ஜினும் கியர்பாக்ஸும் அவற்றைப் பிடிக்கிற தகடுகளும்தான். ஆக, இன்ஜின் போல்ட் லூஸ் ஆனால் சேஸிஸே லூஸ் ஆன மாதிரி.

நண்பர் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்க, பின் தகடும் சேஸிஸ் காதும் (தகட்டை போல்ட் போடும் நீட்டு) சேருமிடத்தில் விரல் நுனியை வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத நகர்வு விரலுக்குத் தெரிந்தது. விரலை எடுத்தால் நுனியில் கறுப்புத் தூள். தகட்டுக்கும் காதுக்கும் நடுவே இருந்த பவுடர் கோட்டிங் அதிர்வில் நொறுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பூச்சு நசுங்க நசுங்க போல்ட் தளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு போல்டாகக் கழற்றி, சேருகிற முகங்களை மட்டும் இரும்பு தெரியச் சுரண்டி, துருவுக்குத் துளி கிரீஸ் தடவி, தானாகக் கழலாத புது நைலாக் நட் போட்டோம். எல்லாவற்றையும் கையால் பிடித்த நிலையில் வைத்து, பின் தகட்டிலிருந்து ஆரம்பித்து இறுக்கினோம். இன்ஜின் தலையைச் சேஸிஸோடு பிடிக்கும் ஹெட் ஸ்டெடியைக் கடைசியில் இறுக்கினோம். ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் அப்போதே மாற்றினோம்.

வாப்ளிங் நின்றது. அதோடு வேகம் அறுபதைத் தாண்டினால் அதுவரை மிச்சமிருந்த திக்கலும் நின்றது. அதைத்தான் எல்லாரும் ஜெட் பிரச்சினை என்றார்கள். உண்மையில் இன்ஜின் அதிர்ந்த அதிர்வில் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைத்திருக்கிறது.

இப்போது 55–65 வேகத்தில் நாள் முழுக்க ஓட்டலாம், அதற்கு மேல் இந்த இன்ஜினை விரட்ட எனக்கு மனசு வராது. டயரில் காற்று முன்னால் 20 psi, பின்னால் 28. லிட்டருக்கு முப்பதுக்குக் குறையாமல் தருகிறது. கொல்லிமலை இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் போட்ட கோட்டில் இறங்குகிறது, அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது.

ரீஸ்டோர் செய்யக் கொடுப்பவர்கள் பட்டறையில் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: கோட்டிங்குக்கு முன் இன்ஜின் காதுகள், எர்த் இடம், ஆக்சில் உட்காரும் முகம் இவற்றில் டேப் ஒட்டி மறைப்பார்களா? அரை மணி நேர வேலை. மறுத்தால் வேறு பட்டறை பார்க்கலாம். ஏற்கெனவே முடித்த வண்டியை வாங்குபவர்கள் குரோமைப் பார்ப்பதற்கு முன் பின்சக்கரத்தை அசைத்துவிட்டுத் தகட்டில் விரல் வையுங்கள்.

என் வண்டியில் இன்னும் முடியாத வேலை முன்பிரேக். டிரம் லேசாக நீள்வட்டமாகிவிட்டது, மெதுவாகப் பிடித்தால் துடிக்கிறது. சக்கரத்தை ஸ்போக்ஸோடு சேர்த்தே லேத்தில் கடைந்து தருகிற ஆள் நாமக்கல்லில் இருப்பதாகச் சொன்னார்கள். மழை ஆரம்பிப்பதற்குள் போய்வர வேண்டும்.