குளிரில் ‘டகடக’ சத்தம்: பேட்டரியா, ஸ்டார்ட்டரா?

ஜனவரி உறைபனியில், ஊட்டியில் பழைய மாருதி 800-ஐ விடிகாலையில் கிளப்புவது தனிக் கலை. ஆயில் கெட்டிப்படும், பேட்டரியும் சோர்ந்துவிடும். சாவியைத் திருப்பினால் விநோதச் சத்தம்தான் மிச்சம். எதை மாற்றுவது, பேட்டரியையா, எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரையா?

சத்தம்
பேட்டரி: ‘டகடகடக’ என்று வேகமாக அடிக்கும், டேஷ்போர்டு விளக்கும் மங்கும்.
ஸ்டார்ட்டர்: ஒரே ஒரு ‘டொக்’, விளக்கு மங்காது. மோட்டார் மட்டும் ‘ஙொய்ங்’ என்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், மோட்டாரை எஞ்சினோடு கோக்கும் பல்சக்கரமான பென்டிக்ஸில் கிரீஸ் இறுகியிருக்கலாம். ‘கர்ர்’ என்று அரைத்தால் விடாமல் சாவி போடாதீர்கள். எஞ்சின் பக்கச் சக்கரமான ஃபிளைவீலின் பல்லும் போய்விட்டால் கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும்.

சோதனை
பேட்டரி: நன்றாக இருந்தால், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் அது பலவீனம்.
ஸ்டார்ட்டர்: இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்ட பிறகும் அதே சத்தமா? சந்தேகம் இங்கேதான்.

செலவு
பேட்டரி: புதிதுதான் வாங்க வேண்டும், பத்து நிமிட வேலை, வாரண்டி உண்டு.
ஸ்டார்ட்டர்: உள்ளே தேயும் கார்பன் பிரஷ், புஷ் மாற்றினாலே பல சமயம் போதும். ஆனால் வண்டி ஒரு நாள் நிற்கும்.

இரண்டுக்கும் முன்னால் பேட்டரியில் ஒயர் மாட்டும் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி இறுக்குங்கள். இதைச் செய்யாமல் நான் ஒருமுறை வீணாகப் பேட்டரி வாங்கினேன்.

வெயில் ஏறியதும் தானாகக் கிளம்பி, பேட்டரியும் நாலு வருடம் தாண்டியிருந்தால் பேட்டரியை மாற்றலாம். மதியமும் அதே ‘டொக்’ என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.