100 நாட்டு ஸ்டாம்ப் பாக்கெட்: காசுக்குத் தகுமா?

ஆன்லைனில் 350 ரூபாய்க்கு '100 நாடுகள், 100 தபால்தலைகள்' பாக்கெட் வாங்கினேன், கடை பெயர் வேண்டாம், எங்கே வாங்கினாலும் கிட்டத்தட்ட இதே சரக்குதான் வரும். தலைகள் 100 இருந்தன, நாடுகள்தான் இல்லை. அஜ்மான், ஃபுஜைரா, ஷார்ஜா, உம் அல் குவைன் என்று இன்றைய அமீரகத்தையே துண்டு போட்டு எண்ணியிருக்கிறார்கள், அது போதாதென்று அஜ்மானுக்குள் அடங்கிய மனாமாவும் ஒரு நாடாம்! 1960களில் இந்தக் குட்டி ஆட்சிகள் வெளிநாட்டு ஏஜென்டுகளோடு ஒப்பந்தம் போட்டு, ராக்கெட், ஒலிம்பிக், ஓவியம் என்று அச்சடித்துத் தள்ளியவை அவை. பார்க்கப் பளபளப்பு, கடிதத்தில் ஒட்டப்பட்டவை அபூர்வம்.

அப்புறம் ஹங்கேரி, போலந்து, ருமேனியா. மூலையில் அளந்து வைத்த மாதிரி முத்திரை, திருப்பினால் கோந்து அப்படியே இருக்கிறது. சிடிஓ (cancelled to order, அதாவது விற்பதற்கென்றே முத்திரை குத்தியது) என்பார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் அந்நியச் செலாவணி பார்க்க, தபாலில் போகாமலேயே முத்திரை குத்தி மொத்தமாக விற்றவை. பாக்கெட்டில் பெரும்பகுதி இந்த ரகம்தான், குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்குச் சலிப்பு.

எனக்குப் பணம் தேறியது அழுக்கான சில தலைகளில். 1971இல் நம் நாட்டில், வங்கதேச அகதிகளுக்காக ஒவ்வொரு கடிதத்துக்கும் 5 பைசா கூடுதலாக ஒட்ட வைத்தார்களே, குடும்பக் கட்டுப்பாடு தலையின்மேல் 'அகதிகள் நிவாரணம்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் மேலச்சு போட்டது, அது ஒன்று இருந்தது, முத்திரை பாதி வழிந்து கிடந்தாலும் எங்கோ யாருக்கோ போய்ச் சேர்ந்த தலை. பிரிட்டனின் பழைய ராணி தலையும் உண்டு, நாட்டின் பெயரே போடாத ஒரே நாடு அது, 1967இல் தொடங்கிய அந்த வரிசையில் பார்கோடு இல்லாதவை 2023 ஜனவரியோடு தபாலுக்குச் செல்லாமல் போயின.

ஜெர்மனி தலைதான் இதில் ராஜா. 200 மார்க் தலையின்மேல் 20 லட்சம் என்று மேலச்சு, 1923 பணவீக்கக் காலத்தது. விலைவாசி ஓடிய வேகத்தில் அந்த ஆண்டே 5000 கோடி மார்க் தலை வரைக்கும் போனார்கள். ஒவ்வொரு விலையும் கொஞ்ச நாளே புழங்கியதால், இவற்றில் பலவற்றுக்குப் புதுத் தலையைவிட உண்மையில் தபாலில் போன தலைக்கே மதிப்பு அதிகம், அதனால் போலி முத்திரையும் ஏராளம். எனக்கு வந்தது முத்திரையில்லாத மலிவு ரகம், சரி, இந்த விலைக்கு அதுவே போதும்.

பிள்ளைகளுக்குப் பரிசு என்றால் தாராளமாக வாங்கலாம். சேகரிக்க உட்காருபவர்கள் உறையோடு வெட்டி எடுத்து எடைக்கு விற்கும் தலைகளை வாங்குங்கள், நிறைய குப்பை இருக்கும், ஆனால் எல்லாம் பயணம் போனவை. சிவப்பு, பச்சை உறைத்துண்டுகளைத் தனியாக ஊறவையுங்கள், சாயம் இறங்கும். அமெரிக்காவின் புது ஸ்டிக்கர் தலைகள் தண்ணீருக்கு மசியாது, அவற்றை உறைத்துண்டோடேயே வைத்துக்கொள்ளலாம்.