டாக்கரில் ஒரே நாள்: கோரே தீவா, குன்றின் மேல் சிலையா?

செனகல் தலைநகர் டாக்கரில் ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு கோரே தீவுக்குத்தான். ஆனாலும் விமான நிலையத்திலிருந்து வருகிறவர்களின் மனசு முதலில் அந்தப் பிரம்மாண்டச் சிலைப் பக்கம்தான் போகும்.

ஆப்பிரிக்க மறுமலர்ச்சி நினைவுச்சின்னம் என்ற அந்தச் சிலையின் உயரம் 49 மீட்டர். ஓர் ஆண், ஒரு பெண், அவன் கையில் அமர்ந்து கடலைச் சுட்டிக்காட்டும் குழந்தை. நாடு விடுதலை பெற்ற 50-ஆம் ஆண்டான 2010-இல் திறந்தார்கள். கட்டியது வட கொரிய நிறுவனம். கருத்து தன்னுடையது என்று அன்றைய அதிபர் அப்துலாய் வாத் வருமானத்தில் 35 சதவீதம் கேட்டது பெரிய சர்ச்சையானது. லிஃப்டில் ஆணின் தலை வரை ஏறிப் போனால் நகரமும் கடலும் கண்முன் விரியும். காட்சி அருமைதான். ஆனால் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

கோரே அப்படி இல்லை. துறைமுகத்திலிருந்து படகில் சுமார் 20 நிமிடம். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். தீவில் கார் கிடையாது, செம்மண் நிறச் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும்தான். அங்கே இருக்கிறது அடிமைகள் வீடு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் நினைவிடம். மேலே வியாபாரிகள் வாழ்ந்த காற்றோட்டமான மாடி. கீழே கையை நீட்டினால் சுவரில் இடிக்கும் இருட்டறைகள். நடைவழியின் கடைசியில் கடலைப் பார்த்து ஒரு சின்ன வாசல், 'திரும்பி வராத வாசல்'. இந்த வாசல் வழியாக எத்தனை பேர் போனார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய சண்டை உண்டு. வெளியே பாறைகள் இருப்பதால் கப்பல் ஒட்டியே நின்றிருக்காது என்கிறார்கள் சிலர். அந்தச் சந்தேகத்தைத் தெரிந்துகொண்டே போங்கள். இந்த வீட்டில் மனிதர்கள் அடைபட்டுக் கிடந்த துயரம் அதனால் இம்மியும் குறையாது. 1978-லேயே யுனெஸ்கோ இந்தத் தீவை உலக மரபுச் சின்னமாக அறிவித்துவிட்டது.

அப்புறம் அந்த மணல் ஓவியர்கள்! பலகையில் பசையால் கோடு இழுத்து, கிண்ணம் கிண்ணமாக வைத்திருக்கும் வண்ண மணலை அள்ளித் தூவுகிறார்கள். பார்க்கும்போது ஒன்றும் புரியாது. பலகையைத் தூக்கி ஒரு தட்டு தட்டினால் வேண்டாத மணல் கொட்டிவிட, தலையில் குடம் சுமந்த பெண் வந்து நிற்பாள்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: 2018 டிசம்பரில் திறந்த கறுப்பின நாகரிகங்கள் அருங்காட்சியகம். முதல் அதிபரும் கவிஞருமான செங்கோர் கண்ட கனவு அது. நாட்டின் தெற்கே இருக்கும் காசமான்ஸ் பகுதியின் வட்ட வீடுகளைப் போன்ற கட்டடம், நடுக்கூடத்தில் இரும்பாலான ராட்சத பாவோபாப் மரம். படகுத்துறையிலிருந்து ரொம்பத் தூரமில்லை என்பதால் கோரேயோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகமும் அடிமைகள் வீடும் வழக்கமாக மூடியிருக்கும் நாள் அது.

சரி, சிலை? வெயில் தாழ்ந்ததும் படிக்கட்டு வரை போனால் போதும். எதிர்க்குன்றில் 1864-இல் கட்டிய கலங்கரை விளக்கம் சுழலத் தொடங்கும் நேரம் அது.