எபிரேய வேதத்தின் இருள்: ஓர் இணையவழி வகுப்பு

எபிரேய வேதத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் நூல்தொகுப்பில், இருளும் துன்பமும் எவ்வாறு பேசப்படுகின்றன என்பதை மூலச் சொற்களின் வழியே வாசிக்கும் இந்த ஆறு வார வகுப்பில், கட்டிய பணத்துக்கான பயனை முதல் மூன்று வாரங்களிலேயே பெற்றுவிட்டேன். யோபு 3-ஆம் அதிகாரத்தில் தன் பிறந்த நாளைச் சபிக்கும் யோபு, ‘யெஹீ ஹோஷெக்’, அதாவது ‘இருளாகட்டும்’ என்கிறார். உலகப் படைப்பைச் சொல்லும் ஆதியாகமத்தின் ‘யெஹீ ஓர்’, அதாவது ‘ஒளி உண்டாகட்டும்’ என்ற கட்டளையை அது தலைகீழாக்குவதை, ஆசிரியர் இரு வரிகளையும் அருகருகே எழுதிக் காட்டினார்.

வேதத்தின் பாடல் தொகுப்பான சங்கீதங்களில், 88-ஆம் சங்கீதத்தின் கடைசிச் சொல் ‘மஹ்ஷாக்’, இருள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘மறைந்துபோனார்கள்’ என்று முடிவதால், இத்தனை ஆண்டுகள் அதை வாசித்தும் அந்த இருள் என் கண்ணில் படவே இல்லை. அங்கே அவசரமாக ஆறுதலைக் கொண்டுவந்து ஒட்டாமல், புலம்பலைப் புலம்பலாகவே விட்டது ஆசிரியரின் நேர்மை. மாறாக, யாத்திராகமம் 20-இல் மோசே நெருங்கிச் செல்லும் ‘அராஃபெல்’ என்ற காரிருளில் கடவுளே இருக்கிறார் என்பதையும் அவர் விடாமல் சுட்டினார்.

குறை என்றால், புலம்பல் நூலின் ஐந்து பாடல்களையும் ஒரே அமர்வில் அள்ளித் திணித்ததுதான். பதிவுகளின் ஒலியும் தெளிவாக இல்லை. எபிரேய எழுத்து தெரியாதவர்களும் தயங்காமல் சேரலாம்.