கிளைகோலிக்கா, சலிசிலிக்கா? திருகோணமலை வெயிலுக்கு எந்த பீல்?

கலியாணம் நெருங்கினால் பார்லரில் முதலில் சொல்லப்படுவது கிளைகோலிக் பீல். பீல் என்றால் அமிலம் பூசித் தோலின் மேற்படையை உரிப்பது. நிலாவெளி, உப்புவெளி வெயிலில் நடமாடும் மாநிறத் தோலுக்கு நான் சலிசிலிக் அல்லது மண்டெலிக் அமிலத்தின் பக்கம்தான் நிற்பேன்.

நம் தோல் புண்பட்டால் அந்த இடத்தில் நிறமியை அதிகமாகச் சுரக்கும். பருவின் தழும்பை எடுக்கப்போய், அதைவிடக் கறுத்த திட்டோடு மாதக்கணக்கில் திரிய நேர்வது இதனால்தான். ஆகவே எது வேகமாக உரிக்கும் என்பதைவிட, எது எல்லை மீறாமல் நிற்கும் என்பதையே நான் பார்ப்பேன்.

கிளைகோலிக் மூலக்கூறு மிகச் சிறியது, விறுவிறென்று உள்ளே இறங்கும். 20 முதல் 70 சதவீதம் வரை பூசுகிறார்கள். நேரம் பார்த்து, சோடியம் பைகாபனேற் கரைசலால் அதை நிறுத்த வேண்டும். பூசுபவரின் கவனம் சிதறினால் முகம் வெந்துவிடும். ஆய்வாளர்கள் வான் ஸ்கொட், யூ இருவரும் 1974இல் இவ்வகைப் பழ அமிலங்கள் செதில் தோல் நோய்க்கு உதவுவதை எழுதிய பிறகே இதற்கு இவ்வளவு பெயர் வந்தது. கைதேர்ந்தவர் செய்தால் மங்கிய முகம் தெளியும், மறுக்கவில்லை.

சலிசிலிக் எண்ணெயில் கரையும். பிசுபிசுத்த முகத்தில் துவாரத்துக்குள்ளேயே போய் அடைப்பை இளக்கும். 20–30 சதவீதக் கரைசலைப் பூசினால் அதிலுள்ள மதுசாரம் ஆவியாகி வெள்ளைப் பொடி படியும், அதோடு ஊடுருவலும் பெரும்பாலும் நின்றுவிடும். வியர்வையும் பருவுமாக அல்லாடும் இளம் முகங்களுக்கு இது பொருத்தம். அஸ்பிரின் ஒவ்வாதவர்களும் கர்ப்பிணிகளும் தொடவேண்டாம். கசப்பு வாதுமையிலிருந்து முதலில் பிரித்தெடுத்த மண்டெலிக்கின் மூலக்கூறு கிளைகோலிக்கைப் போல இரண்டு மடங்கு எடை. மெதுவாக இறங்குவதால் எரிச்சல் குறைவு. கரும்புள்ளிக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். தயிரில் இருக்கும் லக்ரிக் அமிலமும் மென்மையானதுதான், ஆனால் தயிர் பூசுவது பீல் ஆகாது.

ரிசிஏ எனப்படும் ட்ரைகுளோரோ அசெற்றிக் அமிலம் வேறு தரம். ஜெர்மன் தோல் வைத்தியர் உன்னா 1882இலேயே சலிசிலிக், ரெசோர்சினோல், பீனோல் ஆகியவற்றோடு இதையும் எழுதிவைத்தார். 35 சதவீதத்தில் மேல்தோலைத் தாண்டி இறங்கும். இணையத்தில் போத்தலாக வாங்கி வீட்டில் பூசுவது பெரும் ஆபத்து. தோல் வைத்திய நிபுணரின் கையில் மட்டுமே இருக்கவேண்டிய மருந்து. பீனோல் இதயத் துடிப்பையே குழப்பக்கூடியது, தோலை நிரந்தரமாக வெளிறச் செய்யும். நம் நிறத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

காலமும் முக்கியம். வறண்ட கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் தொடங்காதீர்கள். மாரி மழை பிடித்த பிறகு, சில வார இடைவெளியில் பல தடவை மெல்லிய பீல் செய்வது நல்லது. அப்போதும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும் வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள், நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில் அலைபவர்கள் பீலை விட்டுவிட்டு சன்ஸ்கிரீனோடு நிற்கலாம். மற்றவர்கள் கதிரையில் சாயுமுன் அமிலத்தின் பெயரையும் சதவீதத்தையும் கேளுங்கள். பதில் வராத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.